ஐந்தாம் வகுப்பு ஆ பிரிவின் நாக்கு

சகிப்புத்தன்மை வாரத்தின் இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு, சின்னநூல்பாளையம் நடுநிலைப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு ஆ பிரிவில் ஜெனிஃபர் மேரி டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு துண்டு மாட்டுக்கறியை வாயில் போட்டு மென்றபோது, அதே பெஞ்சில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த முருகன் கோயில் குருக்களின் மகள் ஞானாம்பிகை, பிசைந்த கையை அப்படியே நிறுத்தி, "மிளகு கொஞ்சம் தூக்கலா இருக்குடி" என்றாள்.

ஜெனிஃபர் ஆச்சரியப்படவில்லை. "எங்கம்மாவுக்குச் சளி, அதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டை எடுத்தாள். பின்பெஞ்சில் இருந்த அஷ்ரஃப், கையில் பாதி கடித்த இட்லியை வைத்துக்கொண்டு, பல்லிடுக்கில் சிக்காத நாரை நாக்கால் துழாவினான். முன்பெஞ்சில் மிதுன்ராஜ் ஏப்பம் விட்டான். அவன் இன்னும் சாப்பிடவே ஆரம்பித்திருக்கவில்லை.

சகிப்புத்தன்மை வாரம் என்பது மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கை. திங்கட்கிழமை உறுதிமொழி, செவ்வாய்க்கிழமை ஓவியப் போட்டி, புதன்கிழமை மாறுவேடம், வியாழக்கிழமை பேச்சு, வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும், ஏற்றாவிட்டால் விளக்கம் கேட்பார்கள். வகுப்பாசிரியை சுலோச்சனா, முழங்கால் வலிக்குத் தைலம் தடவியபடியே, "வேற்றுமையில் ஒற்றுமை, எல்லாரும் வரைங்க" என்று சொல்லியிருந்தார், முப்பத்தொரு பிள்ளைகளும் வரைந்தார்கள், தொப்பி போட்ட ஒருவர், சிலுவை போட்ட ஒருவர், பட்டை போட்ட ஒருவர், மூவரும் கைகோத்துச் சிரித்துக்கொண்டு இந்தியா மேல் நின்றார்கள், முப்பத்தொரு தாளிலும் அதே மூவர், அதே சிரிப்பு. வேற்றுமை என்று ஒரு கோடுகூட இல்லை. டீச்சர் அத்தனைக்கும் 'நன்று' போட்டார். பாடப்புத்தகத்தின் முன்பக்கத்தில் தீண்டாமை ஒரு பாவச்செயல் என்று அச்சடித்திருந்த இடத்தில் மிதுன்ராஜ் ஏற்கெனவே ஒரு டைனோசர் வரைந்து, அதற்கு மீசையும் வைத்திருந்தான்.

அன்று சாயங்காலத்துக்குள் பிள்ளைகளுக்கு விதி பிடிபட்டுவிட்டது. வகுப்பில் ஒருவர் எதைத் தின்றாலும் முப்பத்தொருவர் வாயிலும் அதன் ருசி வந்தது. பள்ளிக்கூடத்தில் மட்டுமில்லை, வீட்டிலும் வந்தது, தெருவிலும் வந்தது. காலை ஆறு மணிக்கு எவனோ பல் தேய்த்தால் போர்வைக்குள் கிடந்த முப்பது பேர் வாயிலும் புதினா எரிந்தது. எவளோ பல்பம் தின்றாள், அது யாரென்று எல்லாருக்கும் தெரிந்தாலும் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, ஏனென்றால் மெல்ல மெல்ல எல்லாருக்கும் பல்பம் பிடித்துவிட்டது. அதுதான் விதியின் இரண்டாம் பாதி. வெறும் ருசி வரவில்லை, தின்பவருக்கு அது எப்படி இருந்ததோ அப்படியே வந்தது. பாகற்காய் என்றால் வாந்தி எடுக்கும் வகுப்பில் ஞானாம்பிகைக்கு மட்டும் பாகற்காய் உயிர். அவள் பாகற்காய் வதக்கல் சாப்பிட்ட புதன்கிழமை, முப்பது பேர் கண்ணை மூடிக்கொண்டு, இந்தக் கசப்புக்கு இப்படி ஒரு உள்பக்கம் இருந்ததா என்று உட்கார்ந்திருந்தார்கள். அவரவர் வீட்டுக்குப் போய் அம்மாவைப் பாகற்காய் வாங்கச் சொன்னார்கள், வாங்கிச் சமைத்துக் கொடுத்ததும் துப்பினார்கள். ஞானா சாப்பிட்டால்தான் அது நல்ல பாகற்காய்.

மதியத்தில் முப்பத்தொரு ருசியும் ஒன்றாகச் சேர்ந்தால் தேர்க்கூட்டத்தில் மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது என்று, பிள்ளைகளே வருகைப்பதிவேட்டு வரிசைப்படி ஒருவர் பின் ஒருவராக ஒவ்வொரு வாய் சாப்பிட ஏற்பாடு செய்துகொண்டார்கள். அஷ்ரஃப் முதல், ஸ்ரீவத்சன் கடைசி. டீச்சர் வரிசை போடச் சொல்லி மூன்று வருடமாகப் போடாத வகுப்பு அது.

ஏன் இப்படி ஆனது என்று ஊரில் கேட்டவர்கள் குறைவு. தண்ணீர்த் தொட்டி என்றார் ஒருவர், செல்போன் டவர் என்றார் இன்னொருவர், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இதை வைத்து என்ன செய்வது என்பதில்தான் ஊருக்கு அக்கறை. சுகாதாரத் துறையிலிருந்து ஒரு நர்ஸ் வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாருக்கும் பூச்சி மாத்திரை கொடுத்தார், ஒவ்வொரு பிள்ளையும் முப்பத்தொரு மாத்திரையின் கசப்பை வரிசையாக அனுபவித்தது, பூச்சி இருந்திருந்தால் வெட்கப்பட்டே செத்திருக்கும். கல்வி அலுவலகத்தில் இதை எந்தத் தலைப்பில் ஏற்றுவது என்று தேடிப்பார்த்து, 'இதர' என்பதில் போடச் சொன்னார்கள்.

அம்மாக்கள்தான் பெரிதாக ஆடிப்போனார்கள். தெருவில் நடந்தால் யார் வீட்டுப் பிள்ளையோ நிறுத்தி, "அத்தை, நேத்து உங்கூட்டு ரசத்துல பெருங்காயம் ஜாஸ்தி" என்றது. சண்டை போட்ட வீட்டுச் சோறு தெரிந்தது, அவசரத்தில் வெந்த பருப்பு தெரிந்தது, மாசக் கடைசியில் தண்ணீர் கூடிய மோர் தெரிந்தது. அதுவரை சட்னிக்கு உப்புப் பார்க்காதவர்கள் எல்லாம் இரண்டு தடவை பார்த்தார்கள். அஷ்ரஃபின் அம்மா, ஒரு பிள்ளைக்கு அள்ளி வைத்தால் ஒரு வகுப்பே சாப்பிடுகிறது என்று கணக்குப் பார்க்காமல் நெய் ஊற்ற ஆரம்பித்தார்.

குருக்களிடம் ஞானாம்பிகையே போய்ச் சொன்னாள். "அப்பா, மாட்டுக்கறி ரப்பர் மாதிரி இருக்கும்னு நெனச்சேன், இல்லப்பா, மெத்துனு இருக்கு." அபிஷேகத்துக்கு எடுத்து வைத்திருந்த ஒரு குடம் தண்ணீரை அவர் தன் தலையில் ஊற்றிக்கொண்டார், இன்னொரு குடத்தை அவள் தலையில் ஊற்றினார், பிறகு மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள் தீர்ப்பு சொன்னார். "கேக்காம வந்த ருசிக்குத் தோஷமில்லை. மழை பேஞ்சா நனையறோம், அதுக்கு என்ன பண்றது? ஆனா குடைய மடக்கிண்டு நிக்கப்படாது."

"ஜெனிஃபர் ஆத்துல ஞாயித்துக்கெழமை ஒரு மணிக்குச் சாப்டுவா. அப்போ நான் முழிச்சிண்டிருக்கலாமா, தூங்கணுமா?"

"தூங்கு."

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு ஞானாம்பிகை பாயில் நேராகப் படுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அரைமணி நேரம் உதட்டை நக்கிக்கொண்டே தூங்கினாள்.

இப்படியே போயிருந்தால் ஊர் இதையும் மின்வெட்டு மாதிரிப் பழகியிருக்கும். கெடுத்தது பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஈஸ்வரமூர்த்தியின் மாலை. நாற்பது தறி ஓட்டுகிறவர், தறிக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் முழுக்க அவருடையவை, தைப்பூசத்துக்குப் பழனி போக மாலை போட்டு, பச்சை வேட்டி கட்டி, வெங்காயத்தைக்கூடக் கண்ணால் பார்க்காமல் இருந்தார் என்று ஊர் நம்பியது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் நூல் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மகன் மிதுன்ராஜையும் காரில் ஏற்றிக்கொண்டு பைபாஸ் பக்கம் போனார். மூன்று மணிக்கு முப்பது பிள்ளைகள் வாயில் சூடான, சிவந்த, எண்ணெய் சொட்டும் சிக்கன் லாலிபாப் வந்து இறங்கியது.

திங்கட்கிழமை அஷ்ரஃப் கேட்டான். "உங்கூட்டுல மாலை போட்டிருக்காங்கல்ல?"

"எங்கப்பாதான் போட்டிருக்கறாரு, நானில்ல" என்றான் மிதுன்ராஜ். பொய் சொல்லத் தெரியாத வாய் அது. "நான் நாலுதான் தின்னேன். அவரு ஆறு."

சாயங்காலம் டீக்கடையில் ஈஸ்வரமூர்த்தி உட்கார்ந்ததும் டீ மாஸ்டர், "சாமிக்கு டீ குச்சியோடயா, குச்சி இல்லாமயா?" என்று கேட்டார். கடையே குனிந்து சிரித்தது. அவர் டீயை வைத்துவிட்டு எழுந்து போய், மறுநாளே பெற்றோர் கூட்டம் போட்டார்.

அவமானப்பட்ட மனிதருக்குக் குற்றவாளி ஒருவர் உடனே தேவைப்படுகிறார். கூட்டத்தில் அவர் கேட்டார், "இது வாரதுக்கு முந்தி இந்த வகுப்புல புதுசா என்ன நடந்துச்சு?"

புதிதாக நடந்தது சஸ்மிதா. ஒரு மாதத்துக்கு முன்னால் சேர்ந்த பெண். அவள் அப்பா ஈஸ்வரமூர்த்தியின் தறியைத்தான் ஓட்டினார், அம்மா நூல் சுற்றினார், மூவரும் அவருடைய லைன் வீட்டின் ஏழாம் எண்ணில் இருந்தார்கள். ஒடிசாக்காரர்கள். சின்னநூல்பாளையத்துப் பூகோளத்தில் சென்னைக்கு மேலே இருப்பதெல்லாம் பீகார் என்பதால் வகுப்பில் அவள் பெயர் வடக்கி. பதிவேட்டில் அவள் அம்மா பாசந்தியின் பெயரைப் 'பாசுந்தி' என்று எழுதியிருந்தார்கள், அதற்கு ஒரு வாரம் சிரித்தார்கள். சேர்ந்த முதல் நாள் அவள் டிபன் பாக்ஸைத் திறந்தபோது மிதுன்ராஜ் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், யாரோ வண்டிக்கு ஆயில் மாத்துறாங்க" என்றான். அது கடுகெண்ணெய். அன்றிலிருந்து அவள் குழாயடிக்குப் போய், பாதி மூடியைத் திறந்து, மெல்லாமல் விழுங்கிவிட்டு வருவாள். ருசி எல்லாருக்கும் போக ஆரம்பித்த பிறகு வீட்டிலும் அப்படித்தான் சாப்பிட்டாள். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாலும் முப்பது பேர் வாய்க்குள்ளிருந்து பார்க்கிறார்களே.

அதனால் அவள் சாப்பிடும்போதெல்லாம் வகுப்பின் வாயில் ஒரே ஒரு ருசிதான் வந்தது. இரும்புச் சாவியை நாக்கில் வைத்துக்கொண்டு மூச்சை அடக்கின மாதிரி. அது என்ன சாப்பாடு என்று யாருக்கும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அதுதானுங்க வெசம்" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "என்ற பையன் சொல்றான், அந்தப் புள்ள தின்னா வாயெல்லாம் துருப்புடிக்குதுங்கறான். எல்லாப் புள்ளைகளையும் கேட்டுப் பாருங்க."

கேட்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஆமாம், சாவி என்றார்கள். உண்மையைத்தான் சொன்னார்கள்.

டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்றார் ஒருவர். அனுப்பினாலும் அவள் சாப்பிடத்தானே செய்வாள், அவள் எங்கிருந்தாலும் ருசி இங்கே வருமே என்றார் இன்னொருவர். புவனேஸ்வரத்திலிருந்துகூட வருமா என்று ஒருவர் கேட்க, ரயிலில் ஏற்றிப் பார்த்தால் எந்த ஸ்டேஷனில் நிற்கிறது என்று தெரியும் என்று குருக்கள் சொல்லப் போய், அவர் மனைவி முறைத்ததில் நிறுத்திக்கொண்டார். கடைசியில் தீர்மானம் இப்படி வந்தது. இனிமேல் ஐந்தாம் வகுப்பு ஆ பிரிவுப் பிள்ளைகள் அத்தனை பேரும், பள்ளியிலும் வீட்டிலும், மூன்று வேளையும் தயிர்சாதம் மட்டும் சாப்பிட வேண்டும். யாருக்கும் யாராலும் மனக்கஷ்டம் வராது. இதுதான் உண்மையான சகிப்புத்தன்மை என்று ஈஸ்வரமூர்த்தி சொன்னார், கை தட்டினார்கள், ஜெனிஃபரின் அம்மா மட்டும், "ஞாயித்துக்கெழமையுமா?" என்று கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஏழாம் எண் வீட்டுக்குப் போய்ச் சொல்லும் வேலை சுலோச்சனா டீச்சருக்கு வந்தது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தார், மண்டபம் ஈஸ்வரமூர்த்தியின் மச்சானுடையது, அதனால் போனார். பாசந்தி நூல் உருளையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். தறிக் குடோனில் கற்ற தமிழ் அவளுடையது.

"டீச்சர், நாங்க உங்க ஊருக்கு வந்தோம், சரி. உங்க சாமான் தொடல, உங்க கெணறு தொடல. இப்ப உங்க நாக்கு எங்க வீட்டுக்குள்ள வந்துச்சு. நாங்க கூப்புடல. வந்த நாக்கு, இது போடு அது போடுன்னு சொல்லுமா?"

"நான் சொல்லல பாசந்தி, கழகம் சொல்லுது" என்றார் டீச்சர்.

"கழகத்துக்குப் பசிச்சா வரச் சொல்லுங்க. சோறு போடறேன்."

கதவுக்குப் பின்னால் நின்ற சஸ்மிதா அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவள் சாப்பிடவில்லை. அம்மாவிடம் பள்ளியில் சத்துணவு தின்றேன் என்றாள், பள்ளியில் வீட்டில் தின்றேன் என்றாள். ஒருத்தி விழுங்காமல் இருந்துவிட்டால் முப்பது பேர் வாயில் துரு வராது, அப்பாவின் தறியும் ஏழாம் எண்ணும் அப்படியே இருக்கும் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டிருந்தாள்.

பசிக்கும் ஒரு ருசி உண்டு என்று ஐந்தாம் வகுப்பு ஆ பிரிவுக்கு அப்போதுதான் தெரிந்தது. முதல் நாள் எல்லாருக்கும் வாய் லேசாகக் காய்ந்தது. தயிர்சாதத்தின் மேல் பழியைப் போட்டார்கள், அதன் மேல் எந்தப் பழியையும் போடலாம். இரண்டாம் நாள் பிள்ளைகள் எதைத் தின்றாலும் தின்றது தொண்டையைத் தாண்டியதும் எங்கேயோ விழுந்து காணாமல் போனது. அம்மாக்கள் பயந்துபோய்த் தயிர்சாதத் தீர்மானத்தைத் தாங்களே உடைத்து, கறி ஆக்கினார்கள், மீன் வறுத்தார்கள், லட்டு பிடித்தார்கள். ஒன்றும் ஏறவில்லை. மிதுன்ராஜ் பதினோரு பரோட்டா தின்றுவிட்டு இலையின் முன்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதான். "பசிக்குதுப்பா" என்றான். வயிறு குடமாக நின்றது. டாக்டர் சத்துக் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் மதியம், வகுப்பில் யாரும் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. ஞானாம்பிகைதான் விரல் விட்டு எண்ணினாள்.

"அஷ்ரஃப் ஆத்துக் கஞ்சி வந்துது. ஜெனிஃபர் ஆத்துக் கறி வந்துது. மிதுனோட பரோட்டா போறும் போறும்னு வந்துது. சாவி வரல."

எல்லாரும் திரும்பி கடைசி பெஞ்சைப் பார்த்தார்கள். சஸ்மிதா அன்று வந்திருக்கவே இல்லை.

"சாவி மூணு நாளா வரல" என்றாள் ஜெனிஃபர். "டேய் மிதுனு. அவ திங்கறதில்லடா."

மிதுன்ராஜ் எழுந்து வெளியே நடந்தான், செருப்பைக்கூடப் போடவில்லை. அவன் பின்னால் ஜெனிஃபர் போனாள், ஞானா போனாள், அஷ்ரஃப் முதல் ஸ்ரீவத்சன் வரை வருகைப்பதிவேட்டு வரிசையெல்லாம் கலைந்து முப்பது பேரும் போனார்கள், கேட்டைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, தறிச் சத்தத்தைத் தாண்டி. "எங்கடா போறீங்க, மாறுவேடப் போட்டியா?" என்று டீ மாஸ்டர் கேட்டதற்கு ஒருவரும் திரும்பவில்லை. சுலோச்சனா டீச்சர் ஒரு கையால் முழங்காலையும் மறு கையால் சேலையையும் பிடித்துக்கொண்டு, "ஏஞ்சாமி, நில்லுங்கடா" என்று பின்னால் நொண்டி ஓடினார்.

ஏழாம் எண் ஒரே அறை. உள்ளே எட்டுப் பேர் நுழைந்தார்கள், மிச்சப் பேர் வாசலிலும் ஜன்னலிலும் நின்றார்கள். சஸ்மிதா மூலையில் சுருண்டு கிடந்தாள், பக்கத்தில் பாசந்தி மகளுக்கு என்ன காய்ச்சல் என்று புரியாமல் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இவ மூணு நாளா சாப்புடலீங்க" என்றான் மிதுன்ராஜ்.

பாசந்தி மகளைப் பார்த்தாள். மகள் சுவரைப் பார்த்தாள். பாசந்தி அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டாள்.

"சாப்புடு" என்றான் மிதுன்ராஜ்.

"வேணாம். நான் சாப்டா உங்களுக்குத் துரு."

"அது பரவால்ல. இது அதவிடக் கேவலமா இருக்குது."

"வேணாம்."

மிதுன்ராஜுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது, அவன் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. அவனுக்குத் தெரிந்தது தின்பது ஒன்றுதான். மூலையில் அலுமினியக் குண்டாவில் தண்ணீரில் ஊறிய சோறும், மேலே கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்த சுட்ட கத்தரிக்காயும், ஒரு தட்டில் வறுத்த குட்டிக் கருவாடும் இருந்தன. அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையைக்கூடக் கழுவாமல், ஒரு கை அள்ளி வாயில் போட்டான்.

கடுகெண்ணெய் அவன் மூக்கில் ஏறி உச்சந்தலையில் முட்டியது. புளிப்பு கன்னத்தை இழுத்தது. கண்ணில் நீர் வர, தைரியமாக விழுங்கினான். அவனுக்கு எப்படி இருந்ததோ அப்படியே அந்த நொடியில் முப்பது வாய்க்கும் போனது. முப்பது முகம் கோணியது. முப்பத்தோராவது வாய்க்கும் போனது.

சஸ்மிதா எழுந்து உட்கார்ந்தாள். அம்மாவின் கையால் செய்த சோறு மிதுன்ராஜின் நாக்கில் எப்படி இருக்கிறது என்று அவளுக்கு முழுசாகத் தெரிந்தது. அவள் முகத்தில் இருந்த சோர்வெல்லாம் போய் வேறொன்று வந்தது. அது கோபம்.

"அது அப்டி இல்ல" என்றாள்.

"எனக்கு அப்படித்தான் இருந்துச்சு."

"நீ தப்பா சாப்புடுற! கருவாட மொதல்ல வெக்கணும். வெங்காயம் எங்க? யாராவது கருவாடு இல்லாம கத்தரிக்கா திம்பாங்களா? தண்ணிய விட்டுட்டு வெறும் சோறு எடுத்திருக்க. மடையன்!"

வாசலில் நின்ற டீச்சருக்கு அந்த 'மடையன்' கேட்க மனசு குளிர்ந்துவிட்டது. ஒரு மாதத்தில் அந்தப் பெண் உரக்கப் பேசி அவர் கேட்ட முதல் வார்த்தை அது.

சஸ்மிதா குண்டாவைத் தன் பக்கம் இழுத்தாள். வெங்காயத்தைக் கையால் குத்தி உடைத்தாள், கருவாட்டை நொறுக்கினாள், பச்சை மிளகாயைக் கிள்ளிப் போட்டாள், சோற்றைத் தண்ணீரோடு சேர்த்து அள்ளி, "பாரு, இப்டி" என்று சொல்லி வாயில் போட்டு மென்றாள். யார் பார்க்கிறார்கள் என்று நினைக்க அவளுக்கு நேரம் இல்லை, ஒரு மடையனுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

சாவி வரவில்லை. வந்தது வேறு. மத்தியான வெயிலில் ஓடி வந்து தண்ணீருக்குள் குதித்த மாதிரி ஒரு குளிர்ச்சி வந்தது, அதன் அடியில் மெல்லிய புளிப்பு, அதன் மேல் கடுகெண்ணெயின் உறைப்பு ஊசி மாதிரி ஏறி, உச்சியில் போய்ப் பூ மாதிரி விரிந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்ற பிள்ளைகள் வெறும் வாயை மென்றார்கள். மூன்று நாளாக எங்கேயோ விழுந்துகொண்டிருந்த சோறெல்லாம் இப்போது வயிற்றில் வந்து நின்றது. ஞானாம்பிகை மட்டும், "கருவாடும் கேக்காமதான் வந்துது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பாசந்தி இன்னொரு குண்டாவைத் திறந்தாள்.

அப்போது ஈஸ்வரமூர்த்தி வந்து சேர்ந்தார். தறிக் குடோன் பக்கம் முப்பது பிள்ளைகள் போனதைக் கேட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தவர், தன் மகன் லைன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து அலுமினியக் குண்டாவில் கை விட்டிருப்பதைப் பார்த்தார்.

"எந்திர்றா!"

"இருங்கப்பா. ரெண்டாவது வாய் இப்பத்தான் சரியா வருது."

"டீச்சர், என்ன நடக்குதிங்க? இதுக்கா உங்களுக்குச் சம்பளம்?"

சுலோச்சனா டீச்சர் முழங்காலைப் பார்த்தார், குடோனைப் பார்த்தார், கல்யாண மண்டபத்தையும் ஒரு நொடி மனதுக்குள் பார்த்தார். "சார்" என்றார், "ஒண்ணு உள்ள வந்து உக்காருங்க, இல்லீன்னா கொஞ்சம் அக்கட்டால நில்லுங்க. வாசல்ல நின்னா காத்து வரமாட்டேங்குது."

ஈஸ்வரமூர்த்தி உள்ளே வரவில்லை. தள்ளியும் போகவில்லை. முப்பத்தொரு பிள்ளைகள் ஒரே தாளத்தில் மென்று, ஒரே நேரத்தில் விழுங்கி, ஒரே நேரத்தில் மூக்கை உறிஞ்சுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே இருந்தவர்களில் அது எப்படி இருக்கிறது என்று தெரியாதவர்கள் அவரும் டீச்சரும்தான். டீச்சர் போய்த் தட்டு வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது காரில் ஈஸ்வரமூர்த்தி ரோட்டைப் பார்த்தபடியே மகனிடம் கேட்டார். "எப்படிரா இருந்துச்சு?"

மிதுன்ராஜ் யோசித்தான். "அவங்கூருல ஒரு ஆறு இருக்குதுப்பா" என்றான். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

தயிர்சாதத் தீர்மானத்தை யாரும் ரத்து செய்யவில்லை, யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவும் இல்லை. மண்டபம் கிடைத்தது, ஆனால் ஏ.சி. வேலை செய்யவில்லை, டீச்சர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஈஸ்வரமூர்த்தி திருந்தினார் என்றெல்லாம் சொல்வதற்கில்லை, லைன் வீட்டு வாடகையை அந்தப் பங்குனியிலும் ஏற்றினார், ஆனால் ஏழாம் எண்ணைக் காலி செய் என்று சொல்லவில்லை. வகுப்பில் சஸ்மிதாவுக்கு வடக்கி என்ற பெயர் போய், கருவாட்டுச் சண்டைக்காக 'மேஸ்திரி' என்ற பெயர் வந்தது. யார் எதைத் தின்றாலும், "தப்பா சாப்புடுற" என்று அதட்டினாள்.

சித்திரை பிறந்து ஒன்பதாம் நாள் காலை அது நின்றுவிட்டது. முழுப் பரீட்சை முடிந்து விடுமுறை விட்ட மூன்றாம் நாள். முப்பத்தொரு வீட்டில் முப்பத்தொரு பிள்ளைகள் பலகாரத்தை வாயில் வைத்தார்கள், ஒவ்வொருவருக்கும் அவரவர் பலகாரம் மட்டும் ருசித்தது. வேறு ஒன்றுமே வரவில்லை. வாய்க்குள் அத்தனை பெரிய கூட்டம் கலைந்து தான் மட்டும் நிற்பது போல் இருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரே மாதிரிதான் நினைத்தது. மற்றவர்கள் யாரும் சாப்பிடவில்லை, எல்லாரும் பட்டினி.

ஆகவே அன்று காலை சின்னநூல்பாளையத்துத் தெருக்களில், எச்சில் கையோடும், இட்லித் தட்டோடும், பாதி வாய்ச் சோற்றோடும் பிள்ளைகள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் ஓடினார்கள். ஞானா ஜெனிஃபர் வீட்டுக்கு ஓட, ஜெனிஃபர் ஞானா வீட்டுக்கு ஓட, நடுத்தெருவில் முட்டிக்கொண்டு, "சாப்டியா?" "நீ சாப்டியா?" "என்ன சாப்டே?" என்று மூச்சிரைத்தார்கள்.

சஸ்மிதா போய் நின்றது ஈஸ்வரமூர்த்தி வீட்டுக் கேட்டில். அவர் போர்டிகோவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மிதுன் சாப்டானா?"

"சாப்புட்டுட்டிருக்கறான். ஏன்?"

"என்ன சாப்புடறான்?"

"உப்புமா. அவங்கம்மா ஊருக்குப் போயிருக்கறா, நாந்தான் கிண்டினேன்."

"எப்டி இருக்கு?"

ஈஸ்வரமூர்த்தி கேட்டைத் திறந்துவிட்டார். "உள்ள வந்து தின்னு பாரு" என்றார்.

அவள் டைனிங் டேபிளில் மிதுன்ராஜுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவரே தட்டு வைத்தார். அவள் ஒரு வாய் எடுத்துப் போட்டு மென்றாள். மிதுன்ராஜ் தன் நாக்கை மேலண்ணத்தில் அழுத்திக் காத்திருந்தான், ஒன்றும் வரவில்லை. அவள் கண்ணைப் பார்த்தான், புருவத்தைப் பார்த்தான், அசையும் கன்னத்தைப் பார்த்தான், இன்னும் கிட்டே குனிந்து பார்த்தான்.

"சொல்லு" என்றான். "எப்படி இருக்குது?"

அவள் இரண்டாவது வாயையும் நிதானமாக மென்று விழுங்கினாள்.

"இத வெச்சுப் போஸ்டர் ஒட்டலாம்" என்றாள்.